சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்: வாடகை மின் ஸ்கூட்டர் யாருக்குக் கிடைக்கும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், மானிட்டர், கீ போர்டு, மவுஸ் மூன்றும் இருந்தால்தான் அது கம்ப்யூட்டர் என்று எண்ணுகிறார்கள். பெங்களூரு மெட்ரோ ரயில் நிலையங்களின் வாசலில் வரிசையாக நிற்கும் சின்ன மின் ஸ்கூட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு மானிட்டர் நம் கையில் உள்ள மொபைல் போன்தான். வண்டியை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொண்டு போய், வேறு இடத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம் என்று விளம்பரம் சொல்லும். இதில் "யார் வேண்டுமானாலும்" என்பது எவ்வளவு உண்மை? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வண்டி எப்படி இயங்குகிறது என்று புரிந்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். என் அப்பா கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்களோடு முக்கொம்புக்கு வாடகை சைக்கிளில்தான் போவாராம். கடைக்காரரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். சைக்கிள் எண், எடுத்தவர் பெயர், தெரு, எடுத்த நேரம் ஆகியவற்றை அதில் எழுதுவார். திரும்ப வந்ததும் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்து மணிக்கணக்கில் காசு. பின் மட்கார்டில் எண்ணைப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பார்கள். இன்று மின் ஸ்கூட்டர் நிறுவனத்தின் சர்வரில் உள்ள டேட்டாபேஸில் இருப்பதும் இதே நான்கு பத்திகள்தான். வண்டி எண், ஆள், இடம், நேரம். புதிதாகக் கண்டுபிடித்தது என்று பெரிதாக எதுவும் இல்லை என்று அப்பா இன்றும் சொல்வார். முழுவதும் சரியில்லை என்றாலும் முக்கால்வாசி சரி.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடையில் அப்பாவிடம் முன்பணம் கேட்டதில்லை. "இன்னார் பையன்" என்று தெரிந்திருந்ததால் கொடுத்தார்கள். தெரியாத முகம் என்றால் தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும், அல்லது வாட்சைக் கழற்றி வைக்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாத தெருவிலிருந்து வருபவருக்கு அன்றும் சைக்கிள் சுலபமாகக் கிடைத்ததில்லை. எனவே பழைய காலத்தில் எல்லாருக்கும் கிடைத்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. ஆளை நம்பும் வேலையை அன்று கடைக்காரரின் ஞாபகம் செய்தது. இன்று சாப்ட்வேர் செய்கிறது.

வண்டி எப்படித் திறக்கிறது?

ஹேண்டில் பாரில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டமான கியூஆர் கோடில் இருப்பது வண்டி எண் மட்டுமே. மொபைல் போனில் அந்த நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து கோடை ஸ்கேன் செய்திடுகிறீர்கள். போன் அந்த எண்ணை இன்டர்நெட் வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் மூன்று விஷயங்களைச் சோதிக்கும். உங்கள் கணக்கு சரிபார்க்கப்பட்டதா? அதில் பணம் இருக்கிறதா? வண்டியின் பாட்டரியில் சார்ஜ் இருக்கிறதா? மூன்றும் சரி என்றால், வண்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக "திற" என்ற கட்டளை போகும். ஆமாம், உங்கள் போனில் உள்ளது போலவே வண்டியிலும் ஒரு சிம் கார்டு உண்டு. பூட்டு விடுபடும். நேரக் கணக்கு தொடங்கும். சில வண்டிகளில் இந்தக் கட்டளை போனிலிருந்து புளூடூத் வழியாக நேரடியாகவும் போவதுண்டு.

ஓடும்போது வண்டியின் ஜிபிஎஸ் கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை சர்வருக்குச் சொல்லிக் கொண்டே இருக்கும். இங்குதான் ஜியோபென்ஸ் என்ற சொல் வருகிறது. பென்ஸ் என்றால் வேலி. நகரத்தின் வரைபடத்தில் நிறுவனம் ஒரு எல்லைக்கோடு வரைந்து வைத்திருக்கும். அந்தக் கோட்டுக்கு உள்ளே மட்டுமே வண்டியை விட முடியும். வெளியே நிறுத்தினால் பயணத்தை முடிக்க ஆப் சம்மதிக்காது, அல்லது அபராதம் போடும்.

வண்டி வேலிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். கோணல் மாணலாக வளைந்து வளைந்து செல்லும் ஒரு மதில் சுவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஏதேனும் ஒரு திசையில் நேர்கோடாக வெகுதூரம் போகிறீர்கள். வழியில் மதிலை எத்தனை முறை கடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் நீங்கள் உள்ளே இருந்தீர்கள். இரட்டைப்படை அல்லது பூஜ்யம் என்றால் வெளியே. மதில் எவ்வளவு வளைந்திருந்தாலும் இந்தக் கணக்கு தவறாது. நான்கைந்து வரி புரோகிராம்தான்.

ஆனால் அந்தக் கோட்டை எங்கே வரைவது என்று எந்தப் புரோகிராமும் தானாக முடிவெடுப்பதில்லை. ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் மவுஸால் வரைகிறார்.

கோட்டின் இரு பக்கம்

என் முதல் வேலை பெங்களூருவில். நண்பர்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். சமைக்க வந்த அக்கா கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவார். வரும் வழியில் ஒரு வரிசை மின் ஸ்கூட்டர்கள் நிற்கும். ஒரு நாள் கேட்டார், "அதெல்லாம் யாருது தம்பி? எப்பப் பார்த்தாலும் நிக்குதே."

"யாருதும் இல்லக்கா. வாடகைக்கு. நீங்ககூட எடுக்கலாம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் சங்கதி புரிந்தது. அவரிடம் இருந்தது பட்டன் போன். ஸ்மார்ட்போன் மகனிடம். ஆப்புக்குள் நுழைய ஒரு போன் எண், அடையாள அட்டையின் படம், முகத்தின் படம், பணம் செலுத்த யுபிஐ கணக்கு எல்லாம் வேண்டும். அவருடைய வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது பழைய எண், அது இப்போது வேலை செய்யவில்லை. என் கணக்கில் திறந்து தரலாம் என்றால் விதிமுறை அனுமதிக்காது, விபத்து என்றால் காப்பீடு கிடைக்காது. அரை மணி நேரம் முயன்றோம். "விடு தம்பி, குழம்பு கொதிக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

இவை எல்லாம் சரியாக அமைந்திருந்தாலும் பணக் கணக்கு இருக்கிறது. வண்டியைத் திறக்க 10 ரூபாய், அதன் பின் நிமிடத்திற்கு 2 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் போக எட்டு நிமிடம். 26 ரூபாய். போக வர 52. மாதம் 26 நாள் என்றால் 1,352 ரூபாய். வீட்டு வேலையில் மாதம் 9,000 ரூபாய் சம்பாதிப்பவருக்கு இது வருமானத்தில் 15 சதவீதம். எனக்கு அது ஒரு மாத இன்டர்நெட் பில்லுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரே வண்டி, ஒரே கட்டணம், ஒரே தூரம். ஆனால் இருவருக்கும் விலை ஒன்றல்ல.

சட்டத்தில் ஒரு சலுகை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். இந்தச் சின்ன ஸ்கூட்டர்கள் இந்த விதிக்குள் அடங்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. லைசென்ஸ் எடுக்க அலைய முடியாதவருக்கு இது பெரிய கதவு. அதற்கு முன்னால் உள்ள ஸ்மார்ட்போன் கதவுதான் சாத்தியிருக்கிறது.

சிவப்புக் கட்டங்கள்

இனி நான் சம்பந்தப்பட்ட பகுதி. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வாடகை வாகனங்கள் விடும் ஒரு நிறுவனத்திற்காக எங்கள் குழு ஒரு சாப்ட்வேர் எழுதியது. நகரத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்டி ஒரு நாளில் சராசரியாக எத்தனை முறை வாடகைக்குப் போகிறது என்று கணக்கிடும். அதிகம் என்றால் பச்சை, குறைவு என்றால் சிவப்பு. ஒவ்வொரு இரவும் சிவப்புக் கட்டத்திலிருந்து வண்டிகளை லாரியில் ஏற்றிப் பச்சைக் கட்டத்தில் இறக்குவார்கள். பல வாரம் சிவப்பாகவே இருந்தால் அந்தக் கட்டம் வேலிக்கு வெளியே போய்விடும். நிறம் தீட்டும் பகுதியை எழுதியது நான். நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது.

இதில் என்ன தவறு என்று தோன்றலாம். வண்டி எங்கே ஓடுகிறதோ அங்கே கொண்டு போய் விடுவதுதானே வியாபாரம்? உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். எக்செல் அல்லது வேறு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் ஒன்றைத் திறந்து கொள்ளவும்.

பெயருக்காகத் திருச்சியில் தில்லைநகர், அரியமங்கலம் என்று இரண்டு பகுதிகளை எடுத்துக் கொள்வோம். மொத்தம் 100 வண்டிகள். முதல் நாள் ஆளுக்கு 50. தில்லைநகரில் ஒரு வண்டி ஒரு நாளைக்கு 5 முறை வாடகைக்குப் போகிறது, அரியமங்கலத்தில் 4 முறை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். மறுநாள் வண்டிகளை, முந்தைய நாள் நடந்த பயணங்களின் விகிதப்படி பிரித்து விடுகிறோம். நியாயமாகத்தானே தோன்றுகிறது?

ஏ1 செல்லில் 50 என்றும், பி1 செல்லில் 50 என்றும் டைப் செய்திடவும். ஏ2 செல்லில் =100*ஏ1*5/(ஏ1*5+பி1*4) என்ற பார்முலாவையும், பி2 செல்லில் =100-ஏ2 என்ற பார்முலாவையும் அமைத்திடவும். செல்களின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். பின்னர் ஏ2, பி2 இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலைக்கு மவுஸைக் கொண்டு சென்றால் கர்சர் சிறிய கூட்டல் குறியாக மாறும். அதை அழுத்தியவாறே 21வது வரிசை வரை இழுத்து விடவும். ஒரு வரிசை ஒரு நாள்.

8வது நாளில் தில்லைநகரில் கிட்டத்தட்ட 83 வண்டிகள். 11வது நாளில் 90. 21வது நாளில் 99. அரியமங்கலத்தில் ஒன்று மிஞ்சும்.

ஐந்துக்கு நான்கு என்ற வித்தியாசம் மூன்றே வாரத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று ஆகிவிட்டது. நிஜ நகரத்தில் இவ்வளவு வேகமாக நடக்காது. தில்லைநகரில் வண்டிகள் குவியக் குவிய ஒவ்வொரு வண்டிக்கும் கிடைக்கும் சவாரி குறையும், அது இந்த ஓட்டத்திற்கு ஓரளவு தடை போடும். ஆனாலும் போகும் திசை இதுதான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அரியமங்கலத்தை ஒதுக்கு என்று பார்முலாவில் எங்கேயும் எழுதவில்லை.

இன்னொரு விஷயம் டேட்டாவிலேயே இல்லாதது. வண்டி எடுத்தவர்கள் டேட்டாபேஸில் இருப்பார்கள். ஆப்பைத் திறந்து பார்த்து வண்டி இல்லாமல் மூடியவர்கள்கூட சர்வரில் பதிவாவார்கள். ஆப்பே இல்லாதவர், இருந்தால் எடுத்திருப்பேன் என்று நினைத்துக் கொண்டு அந்த வண்டிகளைத் தாண்டி நடந்து போனவர் எங்கேயும் பதிவாவதில்லை. எங்கள் வரைபடத்தில் அவர் நிற்கும் இடமும் யாருமே இல்லாத இடமும் ஒரே சிவப்பு.

சில மாதம் கழித்து அக்கா ஒரு நாள் தாமதமாக வந்தார். அவருடைய மகனுக்கு 19 வயது. மளிகைப் பொருள் டெலிவரி வேலை, வாரவாடகைக்கு எடுத்த மின் ஸ்கூட்டரில். வண்டியை எடுத்து விடும் இடம் அவர்கள் வீட்டுப் பக்கம் இருந்ததாம், இப்போது எடுத்துவிட்டார்களாம், பையன் விடிகாலையில் தொலைவாக நடந்து போய் வண்டி எடுக்கிறான், அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டது என்றார். எந்த இடம் என்று கேட்டேன். சொன்னார். அது எந்த நிறுவனத்தின் வண்டி என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தின் பெயரை எங்கள் வரைபடத்தில் நான் பார்த்திருக்கிறேன். அதன் நிறமும் நினைவில் இருந்தது.

முக்கொம்பில் செய்தது

முக்கொம்புக்குப் போனவர்கள் பூங்காவையும் மதகுகளையும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்த அணை ஏன் கட்டப்பட்டது என்பதில்தான் நமக்குத் தேவையான பாடம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் தீவின் மேற்கு முனையில் ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தண்ணீர் பள்ளத்தைத்தான் நாடும். எனவே கொள்ளிடத்தில் வெள்ளம் அதிகம் ஓடி, காவிரியின் வாயில் மணல் மேடிட்டுக் கொண்டே வந்தது. மேடிட மேடிட இன்னும் குறைவாகத் தண்ணீர் வரும், குறைவாக வருவதால் இன்னும் மேடிடும். நம் எக்செல் கணக்கேதான். தஞ்சைப் பக்கத்து வயல்கள் காயத் தொடங்கின. 1836ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். ஆற்றைத் தடுத்து நிறுத்த அல்ல. கொள்ளிடத்தின் வாயில் கொஞ்சம் உயரத்தை ஏற்படுத்தி, காவிரிக்கு உரிய பங்கு போன பிறகு மீதி போகட்டும் என்பதற்காக.

அதே அணையை எக்செல்லில் கட்டிப் பாருங்கள். ஏ2 செல்லில் உள்ள பார்முலாவை =மின்(80,100*ஏ1*5/(ஏ1*5+பி1*4)) என்று மாற்றி, மீண்டும் கீழே இழுத்து விடவும். மின் என்பது இரண்டில் சிறியதை எடுத்துக் கொள்ளும் பங்ஷன். இதையும் ஆங்கிலத்தில்தான் டைப் செய்திட வேண்டும். இப்போது தில்லைநகர் 80ல் நின்றுவிடும், அரியமங்கலத்தில் 20 வண்டிகள் எப்போதும் இருக்கும்.

இதனால் நிறுவனத்திற்கு எவ்வளவு நஷ்டம்? 100 வண்டிகளும் தில்லைநகரில் இருந்தால் நாளொன்றுக்கு 500 பயணங்கள். 80க்கு 20 என்றால் 400, 80 ஆக மொத்தம் 480. நூற்றுக்கு நான்கு குறைகிறது. ஒரு பகுதி முழுவதையும் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு நாங்கள் மிச்சம் பிடித்தது இந்த நான்கைத்தான். அன்று இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நிஜமாகவே இப்படி அணை கட்டிய நகரங்கள் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம் 2018ல் நிற்கும் வகை மின் ஸ்கூட்டர்களைச் சோதனைக்கு அனுமதித்தபோது, வருமானம் குறைந்தவர்கள் அதிகம் வாழும் கிழக்குப் பகுதியில் ஒவ்வொரு நிறுவனமும் தினமும் 100 வண்டிகள் அல்லது மொத்தத்தில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை நிறுத்த வேண்டும் என்று விதித்தது. இங்கேயும் மின் பங்ஷன்தான், பாருங்கள். சிகாகோ 2019ல் நடத்திய சோதனையில் 10 நிறுவனங்களுக்குத் தலா 250 வண்டிகள் அனுமதி. இரண்டு முன்னுரிமைப் பகுதிகள் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் கால் பங்கு வண்டிகளை நிறுத்த வேண்டும் என்றார்கள். விதி போட்டால் போதுமா, மீறினால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வண்டிகள் எங்கே நிற்கின்றன என்ற தகவலை நிறுவனங்கள் ஒரே பார்மட்டில் மாநகராட்சிக்குத் தர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போக்குவரத்துத் துறை 2018ல் உருவாக்கிய எம்டிஎஸ் என்ற பார்மட் இதற்குப் பல நகரங்களில் பயன்படுகிறது. மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரும், அதைப் பார்த்து அர்த்தம் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் போதும்.

ஸ்மார்ட்போன் கதவுக்கும் மாற்று வழிகள் வந்தன. லைம் நிறுவனம் 2018ல், அரசு உதவி பெறும் ஏழைகளுக்குக் குறைந்த கட்டணமும், எஸ்எம்எஸ் அனுப்பி வண்டியைத் திறக்கும் வசதியும், பக்கத்துக் கடையில் ரொக்கமாகப் பணம் கட்டும் வசதியும் அறிவித்தது. நம் நாட்டில் இதற்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் யுபிஐ 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. சர்வர் பக்கத்திலிருந்து பார்த்தால், "திற" என்ற கோரிக்கை ஆப்பிலிருந்து வந்தால் என்ன, ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தால் என்ன? வண்டி எண்ணைப் பட்டனில் அழுத்தினால் பூட்டு திறக்கும்படி எழுதுவது கடினமான புரோகிராமிங் வேலை அல்ல.

எல்லா நகரமும் அணை கட்டிக் கொண்டிருக்கவில்லை. பாரிஸில் 2023 ஏப்ரலில் வாடகை ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு எட்டு பேர்கூட இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டுடன் வண்டிகள் போய்விட்டன.

வாடகையா, சொந்தமா?

பெங்களூருவில் 2017ல் தொடங்கிய யூலு நிறுவனம் முதலில் சைக்கிள், 2019லிருந்து மின் ஸ்கூட்டர் என்று விட்டது. மெட்ரோவிலிருந்து அலுவலகம் போகும் என் போன்றவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. கொரோனாவுக்குப் பின் அலுவலகம் போகும் கூட்டம் குறைந்து, உணவு, மளிகை டெலிவரி இளைஞர்கள் பெரிய வாடிக்கையாளர்கள் ஆனார்கள். அவர்களுக்கென்றே சாமான் வைக்கும் வண்டிகள் வந்தன. தீர்ந்த பாட்டரியைக் கழற்றிவிட்டு நிரம்பியதை மாட்டிக் கொள்ளும் நிலையங்களும் வந்தன. வண்டி வாங்கக் கடன் கிடைக்காத, லைசென்ஸ் இல்லாத ஒரு பையனுக்கு இது வேலை கிடைக்கும் வழி. குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். வருமானம் குறைந்தவர்களை விட்டுவிட்டது என்று இவ்வளவு நேரம் எழுதியதற்கு நேர்மாறாக, வாடகை ஸ்கூட்டரில் நாள் முழுக்க ஓடுபவர்கள் அவர்கள்தான்.

ஆனால் விலை? நாள் வாடகை 200 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 5,200 ரூபாய். ஒரு லட்ச ரூபாய்க்கு வண்டி வாங்கி, மாதம் ஒரு சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் எடுத்தால் தவணை எவ்வளவு? எக்செல்லில் =பிஎம்டி(1%,36,-100000) என்று கொடுத்தால் விடை வரும். 3,321 ரூபாய். வாடகையில் சார்ஜ், ரிப்பேர் எல்லாம் அடக்கம் என்பதால் 1,879 ரூபாய் வித்தியாசம் முழுவதும் நஷ்டமல்ல. இருந்தாலும் மூன்று ஆண்டு முடிவில் ஒருவரிடம் வண்டி இருக்கும், மற்றவரிடம் ரசீதுகள் இருக்கும். சம்பளச் சீட்டு உள்ளவருக்குத்தான் அந்த ஒரு சதவீத வட்டி.

தமிழக அரசு இந்தப் பிரச்சினைக்குப் பகிர்வை நம்பாமல், பெரும்பாலும் சொந்த வண்டி அல்லது இலவச பஸ் என்ற வழியில் போயிருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு இலவச சைக்கிள் பல ஆண்டுகளாகத் தரப்பட்டது. 2018ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க, விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டம் வந்தது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், ஆப் வழியாக வேலை செய்யும் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இவற்றில் இலவச பஸ்தான் ஒரு புரோகிராமர் பொறாமைப்பட வேண்டிய டிசைன். ஆப் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, முன்பணம் இல்லை. ஏறி உட்கார்ந்தால் போதும்.

பஸ் போகாத கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் மிச்சம். திருச்சியில் 2025ல் பஞ்சப்பூரில் புதிய பஸ் முனையம் திறந்த பிறகு, ஊருக்குள்ளே வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதுபோன்ற இடத்தில்தான் வாடகை ஸ்கூட்டர்கள் முதலில் வந்து இறங்கும். அப்படி ஒரு நாள் வந்தால், ஆப்பைத் திறந்ததும் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். வரைபடத்தைச் சுருக்கி, வேலி எங்கே முடிகிறது என்று பாருங்கள். கரூர் ரோட்டில் கம்பரசம்பேட்டை உள்ளே இருக்கிறதா? முத்தரசநல்லூர், ஜீயபுரம் இருக்கின்றனவா? காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெரு வரை? ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்து, வண்டிகளின் எண்ணிக்கையை எக்செல்லில் குறித்து வையுங்கள். நான்கு வாரக் கணக்கு கையில் இருந்தால் மாநகராட்சியிடம் மனு கொடுக்கப் போகும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சென்ற பொங்கலுக்கு அக்காவுக்குப் போன் செய்தேன். மகன் இப்போது பழைய பெட்ரோல் வண்டி ஒன்றைத் தெரிந்தவரிடம் தவணையில் வாங்கியிருக்கிறானாம், லைசென்ஸும் எடுத்துவிட்டானாம். நீங்கள் இப்போது எப்படி வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "நடந்துதான் தம்பி. அவன் போற நேரம் வேற, நான் போற நேரம் வேற" என்றார்.